மணல் போடாத பாதை

1987 செப்டம்பர் 14, திங்கள்

ஔலு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நோட்டு தந்திருக்கிறார்கள். நீல அட்டை. பக்கத்துக்கு நான்கு கட்டம்: அசைவு, பேச்சு, தூக்கம், வலிப்பு. மகள் ஹில்லாவைப் பற்றி வாரம் ஒரு தடவை எழுதி, பிப்ரவரியில் வரும்போது கொண்டுவர வேண்டும். "இந்த நோய் உள்ள குழந்தைங்க ரொம்பக் கொஞ்சம் பேருங்க. அம்மா எழுதுறது எங்களுக்குப் பெரிய உதவி" என்றார் அந்த இளம் டாக்டர். முகம் சிவக்கச் சிவக்கப் பேசுவார், நல்ல மனுஷன்.

எழுதி முடித்தேன். அசைவு: பிடித்துக்கொண்டு நிற்பாள், ஒரு கையை விட்டால் உடம்பு பக்கவாட்டில் ஆடும். கரண்டிக்குக் கை நீட்டினால் விரல்கள் நடுங்கும், கரண்டியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். பேச்சு: ஐந்து வார்த்தை. நாம் சொல்வது எல்லாம் புரியும். தூக்கம்: நன்று. வலிப்பு: ஜூன் மாதத்துக்குப் பிறகு இல்லை.

படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, பிள்ளையைத்தான் காணவில்லை. அதனால் கடையில் இந்த நோட்டை வாங்கினேன். இதில் கட்டம் கிடையாது.

எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பது ஹில்லாவின் முடிவு. மீட்டர் பார்க்க வந்தவர் தொப்பியைக் கழற்றும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் மீட்டரை மறந்து அரைமணி நேரம் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

செப்டம்பர் 19, சனி

ஸௌனா நாள், வாராந்திர நீராவிக் குளியல். என் கணவன் வெய்க்கோ அவளைக் கீழ்ப்படியில் மடியில் வைத்துக்கொண்டான். அந்தச் சூட்டில் மட்டும் அவள் கைநடுக்கம் அடங்கும். அந்தப் பத்து நிமிடம் தன் கைகளைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

டாக்டர் ஐந்து வார்த்தை என்று எண்ணினார். நான் ஆறு என்கிறேன். அம்மா, இன்னும், வேணாம், பன், தெஸ்ஸு (எங்கள் நாய்). ஆறாவது, "ப்ர்ர்". அது வெய்க்கோ. அவன் ஓட்டும் பனிதள்ளும் லாரியின் சத்தம். அப்பா என்று சொல்ல வராது, லாரியாகவே கூப்பிடுகிறாள். அவனும் திரும்பிப் பார்க்கிறான், பிறகு அது வார்த்தை இல்லாமல் வேறு என்ன?

இவள் பேசவில்லை என்று மூன்று வயது வரை நாங்கள் கவலைப்படவே இல்லை என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. வேறு வீடாக இருந்தால் பதறியிருப்பார்கள். இங்கே யார்தான் பேசுகிறார்கள்? நாத்தனார் ஹெல்வி அப்போது சொன்னது: "வெய்க்கோவே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான். அதுக்கப்புறமும் பெருசா ஒண்ணும் சொல்லிடல." அந்தக் குடும்பத்திலேயே மூச்சுவிடாமல் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

நாலு மாதக் குழந்தையில் கண்மணி இரண்டும் இடமும் வலமும் ஆடியபோதும், "வெயில் வெளிச்சம் கூசுது" என்றாள். தலை நிற்காதபோது, "பெரிய தலை, எங்க அப்பாவுக்கு மாதிரி." எல்லாவற்றுக்கும் குடும்பத்தில் ஒரு ஆள் வைத்திருந்தாள். சிறுநீரைச் சோதித்துப் பெயர் சொன்ன நாளில்தான் அவள் வாய் அடைத்தது. சல்லா நோய். நம் ஊர்ப் பெயர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம்தான் முதலில் கண்டார்களாம். உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஒரு கதவு திறக்க மாட்டேன் என்கிறது, உள்ளே ஓர் அமிலம் தேங்கிக்கொண்டே இருக்கிறது என்று விளக்கினார்கள். தாய் பக்கம் ஒன்று, தகப்பன் பக்கம் ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் வருமாம். ஹெல்வி இன்றுவரை அந்தக் கணக்கில் பாதியைத்தான் நம்புகிறாள். என் பாதியை.

அக்டோபர் 8

ஊராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம்.

அடுத்த ஆகஸ்ட்டில் ஹில்லாவுக்குப் பள்ளி வயது. அவளை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றில் சேர்க்கப் பரிந்துரைக்கிறார்களாம். நூற்றெண்பது கிலோமீட்டர். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கல். "சாலை நிலைமை அனுமதிக்கும் வார இறுதிகளில்" வீட்டுக்கு வரலாமாம்.

சாலை நிலைமையா. அந்தச் சாலையைத் தள்ளித் திறக்கிறவனே அவ அப்பன்தான்.

இல்லம் நல்ல இல்லம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நல்லதாகவே இருக்கட்டும். அங்கே யாருக்கு "ப்ர்ர்" என்றால் யார் என்று தெரியும்? நைட்டு முழிச்சுக்கிட்டா எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கணும்னு யாருக்குத் தெரியும்? எனக்கு ஒண்ணுமே ஓடல.

வெய்க்கோ கடிதத்தை இரண்டு தரம் படித்தான், மடித்து வைத்தான், விறகு பிளக்கப் போனான். மூன்று குளிர்காலத்துக்குப் போதுமான விறகு ஏற்கெனவே இருக்கிறது.

அக்டோபர் 12

ஊர்ப் பள்ளிக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து எழுநூறு மீட்டர். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு சமையல்காரம்மா, ஒரே டீச்சர். சைமா டீச்சர் இருபது வருடமாக இங்கே இருக்கிறார். ஊரில் அவருக்குப் பயப்படாதவர்கள் ஹில்லாவும் தெஸ்ஸுவும்தான்.

"எங்கிட்ட நீங்க என்ன எதிர்பார்க்குறீங்க?" என்று நேராகக் கேட்டார்.

"அவ இங்க படிக்கணும்."

"படிப்பு என்ன படிப்பு, அதை நான் பார்த்துக்கிறேன். தூக்கிட்டுத் திரியத்தான் எனக்கு மூணாவது கை கிடையாது." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணு சொல்றேன். முன்வாசல் கேட்டுலேருந்து உள்ள கோட்டு மாட்டுற கொக்கி வரைக்கும், யாரும் தூக்காம, யாரும் புடிக்காம அவளா வரணும். எதை வேணாப் புடிச்சுக்கட்டும். எவ்வளவு நேரம் வேணா ஆகட்டும். ஏப்ரல்ல கூட்டிட்டு வாங்க. வந்துட்டான்னா நான் ஊராட்சிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். வரலைன்னா போட மாட்டேன். அப்ப என்கிட்ட வந்து அழக்கூடாது."

திரும்பும் வழியில் காலடி எண்ணினேன். கேட்டிலிருந்து கொக்கி வரை அறுபத்திரண்டு.

ஹில்லா இன்றுவரை யாரும் பிடிக்காமல் நடந்தது: பூஜ்ஜியம்.

அக்டோபர் 31

பனி விழுந்து நிலைத்துவிட்டது. கொட்டகையிலிருந்து பழைய சறுக்கு வண்டியை எடுத்தேன். என் அம்மாவுடையது. முன்னால் உட்காரும் பலகை, பின்னால் இரும்புக் கைப்பிடி, கீழே ஆளுயர நீளத்துக்கு இரண்டு இரும்புச் சட்டம். ஹில்லாவைப் பலகையில் உட்காரவைத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று எண்ணம்.

உட்கார மாட்டேன் என்கிறாள். "வேணாம். வேணாம்." பின்பக்கமாகக் கையை நீட்டி நீட்டி அழுகை. கைப்பிடி வேண்டுமாம். என்னை மாதிரி பின்னால் நிற்க வேண்டுமாம்.

நவம்பர் 2

நிறுத்திப் பார்த்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது, அவள் கால் நகரவில்லை, மூக்கு குப்புறப் பனியில். எழுப்பினேன். முகம் முழுக்கப் பனி, அதன் நடுவே சிரிப்பு. "இன்னும்."

பதினோரு தரம் விழுந்தாள். பதினோரு தரமும் "இன்னும்". எனக்குத்தான் முதுகு போய்விட்டது.

நவம்பர் 9

தெஸ்ஸு எனக்குப் பாடம் எடுத்துவிட்டது. ஹில்லா கைப்பிடியைப் பிடித்து நிற்க, அது ஓடிவந்து பலகையில் ஏறி மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டது. "போ, போ" என்று விரட்டினேன். இறங்கவில்லை. நாள் முழுக்க என் வாயில் வருகிற ஒரே வார்த்தை இந்த "போ" தான், அந்த நாயும் ஒரு நாளும் போனதில்லை.

ஆனால் நாய் உட்கார்ந்ததும் வண்டி கனத்து, மெதுவாக நகர்ந்தது. ஹில்லாவின் காலுக்கு எட்டிப் பிடிக்க நேரம் கிடைத்தது. ஒரு அடி. அகலமாக வைத்த கால், ஆடுகிற இடுப்பு. இன்னொரு அடி. கைப்பிடி அவளைப் பக்கவாட்டில் சாய விடவில்லை. நான் பிடிக்கவில்லை. நான் பிடிக்கவே இல்லை.

நாலு அடி.

நீல நோட்டில் "அசைவு" கட்டத்தில் எழுதினேன்: நான்கு அடி, சறுக்கு வண்டியுடன், நாயுடன்.

நவம்பர் 27

வண்டி மணலில் ஓடாது என்பது பனியில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். ஊர்ச் சாலையெல்லாம் வழுக்காமலிருக்க மணலும் பொடிக்கல்லும் தூவியாயிற்று. அதன்மேல் இரும்புச் சட்டம் பட்டதும் அப்படியே நின்றுவிடுகிறது. நல்லவேளை, எங்கள் வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள பாதையில் இன்னும் தூவவில்லை. கண்ணாடியாகக் கிடக்கிறது.

"நம்ம பாதைக்கு மட்டும் மணல் போடலியா?" என்று வெய்க்கோவைக் கேட்டேன். சாலைக்குப் பனி தள்ளுவதும் மணல் போடுவதும் அவன் வேலை.

"மறந்துட்டேன்."

"நீயா?"

"ம்."

சொந்த வாசலை மறக்கும் ஆளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு வசதிதான், அதனால் ஞாபகப்படுத்தவில்லை.

டிசம்பர் 6

சுதந்திர தினம். வழக்கப்படி ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி. ஹில்லா ஊதி அணைக்க முயன்று என் புருவத்தில் துப்பினாள்.

டிசம்பர் 21

சூரியன் எட்டிப் பார்க்கவில்லை. நண்பகலில் இரண்டு மணிநேரம் நீல வெளிச்சம், அதற்குள் நடை. இன்று பாதையில் முப்பது அடி. ஆனால் ஒரு சிறிய வலிப்பும் வந்தது, சாப்பிடும்போது. அரை நிமிடம். முழித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள், யாரோ விருந்தாளி வந்த மாதிரி.

நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெய்க்கோ வெளியே நின்றுகொண்டிருந்தான். கதவைத் தட்டவும் இல்லை, நகரவும் இல்லை. அவன் சாக்ஸ் நிழல் கதவிடுக்கில் தெரிந்தது.

1988 ஜனவரி 14

அய்யோ என்று எழுதுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

காலையில் சைமா டீச்சரின் கார் எங்கள் பாதையில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. காரின் பின்பக்கம் மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது. ஊரிலேயே யாரை மனங்கோண விடக்கூடாதோ, அவருடைய காரே போய் இறங்கியிருக்கிறது.

வெய்க்கோ லாரியில் சங்கிலி கட்டி வெளியே இழுத்தான். டீச்சர் எங்கள் சமையலறையில் கம்பளியோடு உட்கார்ந்து காப்பி குடித்தார். அவன் உள்ளே வந்து தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"ஊரு முழுக்க மணல் போட்டிருக்கு. இந்த எழுநூறு மீட்டர்ல மட்டும் ஒரு பொட்டு மணல் இல்ல. என்ன வெய்க்கோ இது?"

தொப்பி இன்னொரு சுற்று சுருண்டது.

"நான் கேட்குறேன்ல."

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்: "மணல்ல சறுக்கு வண்டி ஓடாது டீச்சர்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறக்கவில்லை. ஏழு வாரமாக ஒவ்வொரு தடவையும் எங்கள் பாதை முனைக்கு வந்ததும் மணலை நிறுத்திவிட்டு, பள்ளிக்கு அந்தப்பக்கம் போய்த் திரும்பத் திறந்திருக்கிறான். என்னிடம்கூடச் சொல்லவில்லை. இந்த ஆளை நான் மறதிக்காரன் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "எங்க, காட்டுங்க" என்றார்.

வெளியே போனோம். தெஸ்ஸு பலகையில் ஏறியது. ஹில்லா டீச்சரைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு தரம் விழுந்தாள். மூன்றாவது தரம் கிளம்பி, தபால்பெட்டி வரை போய்விட்டாள். எழுபது அடிக்குக் குறையாது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மனதுக்குள் கையெழுத்தே வாங்கிவிட்டேன்.

"ஏப்ரல்ல கொக்கி வரைக்கும் வந்துடுவா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார். "ஆனா பள்ளிக்கூடம் திறக்கிறது ஆகஸ்ட்டுல. பனிக்கு எங்க போவீங்க?"

நானும் வெய்க்கோவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு மூன்று பேரும் பாதையைப் பார்த்தோம். இரண்டு ஓரமும் முழங்கால் அளவு பனி. வருடத்தில் ஏழு மாதம் கிடப்பதால், மீதி ஐந்து மாதம் என்று ஒன்று இருப்பதே எங்கள் இருவர் மூளையிலும் உறைக்கவில்லை.

ஜனவரி 15

டீச்சர் சோதனையை மே கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறார். தரை காய்ந்த பிறகு. "ஏமாத்திக் கையெழுத்து வாங்கினா ஏமாறப்போறது அவதான்" என்றார். நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்கள்மேல் கோபப்படக்கூட முடிவதில்லை.

வெய்க்கோ பாதையில் இரண்டு பக்கமும் மணல் போட்டு, நடுவில் ஒரு வண்டி அகலத்துக்கு விட்டிருக்கிறான்.

பிப்ரவரி 17, ஔலு

டாக்டர் நீல நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். "நாயுடன்" என்ற இடத்தில் நிறுத்திச் சிரித்தார். ஹில்லா அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடிக்கக் கை நீட்டினாள். கை தாண்டிப் போனது, அவர் குனிந்து காத்திருந்தார், கை திரும்பி வந்து பிடித்துக்கொண்டது. இப்படிக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். கண் ஆட்டம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்றார். "ப்ர்ர்" பற்றி வாதாடினேன். யோசித்துவிட்டு ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினார்.

வராந்தாவில் தெர்த்துவைப் பார்த்தேன். எங்கள் ஊராட்சியின் மறுகோடியில் இருப்பவர்களாம், இத்தனை நாள் தெரியாது. இருபத்தாறு வயது, இதே நோய். சக்கர நாற்காலி. கால்கள் இறுகிப்போய் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. முகம் கொஞ்சம் தடித்து, புருவம் அடர்ந்து. நான் பார்வையைத் திருப்பப் பார்த்தேன். அதற்குள் அவள் ஹில்லாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு. என் வீட்டுச் சிரிப்பு, வேறொரு வீட்டுப் பெண்ணின் முகத்தில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பல வருடம் கழித்துச் சந்தித்த சொந்தக்காரர்கள் போல.

அவள் அப்பா கலைமான் வளர்ப்பவர். ரொட்டியும் உப்புக்கண்டமும் எனக்கும் வெட்டிக் கொடுத்தார்.

"நடந்தாளா?" என்று கேட்டேன்.

"எட்டு வயசுல ஆரம்பிச்சா. பன்னெண்டு வருஷம் நடந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் மெல்ல மெல்ல நின்னுபோச்சு." கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். "ஆனா அந்தப் பன்னெண்டு வருஷம் எங்க வேலி ஓரமா இவ போகாத இடம் இல்லம்மா. அதை யாரு வந்து திருப்பி எடுத்துக்க முடியும்?"

பேருந்தில் ஹில்லா என் தோளில் தூங்கினாள். பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு கிடைத்தால் போதுமா? போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்று கிடைத்தாலும் வாங்கிக்கொள்வேன் என்பதும் உண்மை.

மார்ச் 12

ஹெல்வி வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பாதிரியார் வீட்டில் பழைய திருச்சபைப் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். என் குடும்பத்தில் யாருக்கு இந்த நோய் இருந்தது என்று கண்டுபிடித்து என் வாயை மூடப் போனவள்.

"எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கான். அன்ட்டின்னு பேரு. நடக்கமாட்டான், பேசமாட்டான்னு எழுதியிருக்கு. 'எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறான்'னு ஒரு பாதிரியார் கைப்பட எழுதி வச்சிருக்காரு. எங்க வீட்டுல ஒருத்தர்கூட அவனைப் பத்திச் சொன்னதில்ல, மர்யூத்."

அவள் தட்டில் இன்னொரு பன் எடுத்து வைத்தேன்.

"எங்க பக்கமும்தான்" என்றாள். அதைச் சொல்வதற்கு அவளுக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பிறகு ஹில்லாவை மடியில் போட்டுக்கொண்டு, "உனக்கு ஒரு அன்ட்டி தாத்தா இருந்தாருடி, உன்னை மாதிரியே சிரிப்பாராம்" என்று அவளிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். போகும்போது மறக்காமல், "உங்க பக்கத்துல யாருன்னும் பார்க்கணும்" என்றாள்.

ஏப்ரல் 11

ஏழு வயது. கேக்கை வெட்டும் முன் அதற்குள் கையை விட்டுவிட்டாள். தெஸ்ஸுவுக்குப் பாதி.

மே 8

பனி போய்விட்டது. ஓடைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. வெய்க்கோ சறுக்கு வண்டியின் இரும்புச் சட்டங்களைக் கழற்றி, அவளுடைய பழைய தள்ளுவண்டியின் நாலு சக்கரத்தையும் பொருத்தியிருக்கிறான். மூன்று வாரமாகக் கொட்டகையில் செய்தது இதைத்தான். கைப்பிடிக்குக் கலைமான் தோல் சுற்றியிருக்கிறான்.

மே 10

ஓடிப்போச்சு. சக்கரம் பாட்டுக்கு இவளை இழுத்துக்கிட்டு சரிவுல ஓடிப்போச்சு. தெஸ்ஸு நடுவுல குதிச்சு இறங்கிடுச்சு. தாடை கிழிஞ்சு, ரெண்டு தையல். எல்லாம் என் பேராசை. அவளுக்கு வேணும்னு யார் கேட்டா? எனக்குத்தான் வேணும்.

மே 11

தாடையில் கட்டோடு, காலையில் கதவருகே தவழ்ந்து போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். "இன்னும்."

சரி. கேட்டவள் யார் என்று தெரிந்துவிட்டது.

மே 13

தெர்த்துவின் அப்பாவுக்குப் போன் செய்தேன். வேறு யாரிடம் கேட்பது? "நாய் எறங்கிடும்மா, நாயை நம்பாத" என்றார். மாலையில் ஜீப்பில் அவரே வந்து, கலைமான்கள் நக்குவதற்கு வைக்கும் உப்புக்கட்டி இரண்டு இறக்கினார். ஒன்று பத்துக் கிலோ. பலகையில் வைத்துக் கட்டினோம். வெய்க்கோ சக்கரங்களின் அச்சில் தோல்பட்டை இறுக்கி, வேகம் எடுக்காமல் செய்தான். இரண்டு ஆண்களும் ஒரு மணிநேரம் வேலை செய்தார்கள், மொத்தம் ஆறு வார்த்தை பேசியிருப்பார்கள். ஹில்லாவின் கணக்கும் அதுதான்.

இருபது அடி. ஓடவில்லை.

தெஸ்ஸு உப்புக்கட்டியை நக்கிக்கொண்டே கூடப் போகிறது.

மே 27, வெள்ளி

காலை பத்து மணி. பள்ளி கேட்டில் விட்டுவிட்டு, நான் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. வெய்க்கோ லாரியைச் சாலையில் நிறுத்தியிருந்தான். வேலை நேரம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கிளம்பினாள். பத்து அடியில் ஒரு பையன் "ஹில்லா" என்று கூப்பிட, நின்று சிரித்தாள். அவனிடம் சிரித்து முடித்து மறுபடி கிளம்பினால் இன்னொருத்தி. பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு நிறுத்தம். சமையல்காரம்மா வெளியே வந்தார், பதின்மூன்று. நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காதே, நட, சிரிக்காதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஏழு வருடத்தில் அவள் சிரிப்பு வேண்டாம் என்று நான் நினைத்தது இன்று ஒருநாள்தான்.

பள்ளி வாசல் சரிவில் ஏறும்போது உடம்பு ஆட ஆரம்பித்தது. களைப்பு. முழங்கால் மடங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சின்னப் பெண் தூக்க ஓடினாள். டீச்சர் கையை நீட்டித் தடுத்தார். எனக்கு அந்தக் கையை ஒடிக்கலாம் போலிருந்தது.

உட்கார்ந்தே இருந்தாள். எவ்வளவு நேரமோ. பிறகு சக்கரத்தைப் பிடித்தாள், பலகையைப் பிடித்தாள், கைப்பிடிக்குக் கை நீட்டினாள். தாண்டிப் போனது. திரும்பி வந்தது. பிடித்துவிட்டது.

உள்ளே போன பிறகு நடந்தது எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து டீச்சர் வாசலுக்கு வந்தார்.

"ஐம்பத்து மூணு நிமிஷம்" என்றார். "நான் மணி அடிக்கவே மறந்துட்டேன்."

சாலையில் லாரி ஒரு தரம் உறுமியது. உள்ளேயிருந்து "ப்ர்ர்" என்று பதில் வந்தது.

ஜூன் 17

கடிதம். ஊர்ப் பள்ளி. ஒரு வருடத்துக்கு, பிறகு மறுபரிசீலனையாம். வெய்க்கோ படித்துவிட்டு விறகு பிளக்கப் போனான்.

ஆகஸ்ட் 14

நாளைக்கு. சட்டை தேய்த்தாயிற்று. உப்புக்கட்டி நக்கித் தேய்ந்து பாதியாகிவிட்டது, புதியது கட்டியிருக்கிறோம். அவள் தூங்குகிறாள். நான் சட்டையை மறுபடி தேய்த்தேன். ஒருநாளும் நான் இல்லாமல் அவள் நாலு மணிநேரம் இருந்ததில்லை. அவள் இல்லாமல் நானும்.

ஆகஸ்ட் 15, திங்கள்

தெஸ்ஸுவை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். கேட்டில் வண்டியை நிறுத்திக் கொடுத்தேன். காலர் சரிசெய்தேன். தலையைக் கோதினேன். மூக்கைத் துடைத்தேன். மறுபடி காலர். உள்ளே டீச்சர் மணியைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்காமல் காத்திருந்தார்.

ஹில்லா இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினாள். வாய் இரண்டு தரம் குவிந்து பிரிந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது தரம் வந்தது. தெளிவாக, நான் தெஸ்ஸுவிடம் சொல்கிற அதே தொனியில்.

"போ."

ஏழு வார்த்தை. வீட்டுக்கு வந்து நீல நோட்டில் எழுதினேன்: பேச்சு, ஏழு. இப்போது மணி பத்து இருபது. வீட்டில் சத்தமே இல்லை. அவள் சொன்னபடி வந்துவிட்டேன்.